ஸ்பீக்கரில் கிடைத்த லீவு

இனிமேல் கார் ஓட்டும்போது போனைக் கையால் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

சாலைப் பாதுகாப்புதான் காரணம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காரணம் என் மாமனார்.

மாமனார் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவர். மீதிப் பேர் பயந்துபோய்க் கடைசிவரை சைக்கிளிலேயே போய்வந்தார்கள். என்னையும் ஃபெயிலாக்கியிருக்கிறார். அப்போது நான் அவருக்கு மாப்பிள்ளை இல்லை, வெறும் விண்ணப்பதாரர். வண்டியை விட்டு இறங்கியபடியே, “உங்களை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஏத்தி அனுப்ப முடியாது தம்பி” என்றார். பிற்பாடு பெற்ற பெண்ணையே ஏற்றி அனுப்பினார். அது பெண் எடுத்த முடிவு. அவர் அதற்காக எனக்கு ஒரு மார்க்கும் கூட்டிப் போடவில்லை.

அவருக்குக் கொஞ்ச நாளாகக் கண் மங்கிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்வதாக முடிவானது. முடிவு எடுத்தது என் மனைவி. எனக்குத் தெரிவித்ததும் அவள்தான்.

“சனிக்கிழமை காலையில கிளம்பறோம். அப்பாவை அழைச்சிட்டு சாயங்காலம் திரும்பறோம்.”

“நீயே போயிட்டு வந்துடலாமே. என்னைவிட நீதான் நல்லா ஓட்டற.”

“அது தெரிஞ்ச விஷயம். ஆனா நீங்கதான் ஓட்டணும்னு அப்பா சொல்றார்.”

“என் மேல அவ்வளவு பாசமா?”

“இத்தனை வருஷத்துல ஏதாவது கத்துக்கிட்டீங்களான்னு பாக்கணுமாம்.”

பாதி நாள் பயணம். முன் சீட்டில் மாமனார். ஸ்டியரிங்கில் நான். இதைவிடக் கொடுமை, அதே சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் இறகுப்பந்துப் போட்டியில் இரட்டையர் இறுதி ஆட்டம். பல வருஷமாக முதல் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்த நான், இந்த முறை எதிரணிக்காரர்களுக்கு வரிசையாகச் சுளுக்குப் பிடித்ததால் இறுதிவரை வந்துவிட்டேன். இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு பிறவியில்தான் வரும்.

போகாமல் தப்பிக்க வேண்டும். ஆனால் என் மனைவியிடம் சாக்குச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவள் துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர் குறை கேட்கும் பிரிவுக்குத் தலைவி. நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் நிஜமாகப் புலம்புகிறார், யார் மெஷினில் செங்கல்லைப் போட்டுவிட்டுப் புலம்புகிறார் என்று குரலை வைத்தே கண்டுபிடிக்கிறவள். ஒருமுறை நான் போனைக் காதில் வைத்து, “சரி சார், இதோ கிளம்பிட்டேன் சார்” என்று மேனேஜரிடம் பேசுவதாக நடித்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் என் காதிலேயே மணியடித்தது. கூப்பிட்டது அவள். சமையலறையிலிருந்து.

அதிலிருந்து “மேனேஜர் கூப்பிட்டார்” என்ற வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் மரியாதை போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் கார் எனக்கு வழிகாட்டியது.

யாரோ ஓட்டிச் சலித்துக் கொடுத்த காரை நாங்கள் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நடுவில் ஒரு திரை உண்டு. பின்னால் எடுக்கும்போது சுவரைக் காட்டும், நான் இடிப்பேன். அதற்கு வேறு உபயோகமும் இருக்கிறது என்று கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டு, ஒரு நாள் வண்டி நிறுத்துமிடத்தில் குனிந்து உட்கார்ந்து வேலையில் இறங்கினேன். மனைவி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

“என்ன பண்றீங்க?”

“ப்ளூடூத். போனையும் காரையும் ஜோடி சேக்கறேன்.”

“ரெண்டு பக்கமும் சம்மதமா?”

“இணைக்க வேண்டிய சாதனத்தைத் தேர்ந்தெடுக்கவும்” என்றது கார், இனிமையான பெண் குரலில்.

“யார் அது?”

“உள்ள இருக்கற அம்மா. அவங்க சொல்றபடி செய்யணும்.”

“நான் சொல்லி நீங்க ஒரு நாளும் இப்படிக் குனிஞ்சு கேட்டதில்ல.”

திரையில் பக்கத்து வீட்டு டிவி, யாரோ ஒருவருடைய கைக்கடிகாரம், பிறகு என் போன் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. என் போனைத் தொட்டேன். இணைந்துவிட்டது.

“சரி, இதுல நமக்கு என்ன லாபம்?” என்றாள்.

“போனைத் தொடவே வேண்டாம். கூப்பிட்டவங்க பேசறது ஸ்பீக்கர்ல வரும். நாம பேசறதைக் கூரையில இருக்கற மைக் வாங்கிக்கும். கையே தேவையில்ல.”

“அப்ப உங்களுக்குன்னே செஞ்சதுதான்.”

“ஏன்?”

“கையாலாகாதவங்களுக்கு எவ்வளவு வசதி.”

நான் கேட்காத மாதிரி, குரலாலேயே கூப்பிடும் பொத்தானை அழுத்தினேன். “மனைவியை அழை” என்றேன்.

“மேனேஜரை அழைக்கிறேன்” என்றது கார்.

பதறி அடித்துத் துண்டித்தேன். “காருக்கே தெரிஞ்சிருக்கு, ரெண்டும் ஒரே ஆள்தான்னு” என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. மேனேஜர் பேசுவதை நான் சொன்னால்தானே நம்ப மாட்டாள்? அவள் காதாலேயே கேட்டால்? காருக்குள்ளே, ஸ்பீக்கரில், கணீரென்று, திரையில் ‘மேனேஜர்’ என்ற பெயரோடு?

எங்கள் மேல்வீட்டில் ஒரு நண்பன் இருக்கிறான். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கும் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவனுக்குப் ‘பிளாட்பாரம்’ என்றே பெயர் வந்துவிட்டது. எந்தக் குரலிலும் பேசுவான். இறுதி ஆட்டத்தில் என் ஜோடியும் அவனே. அன்று மாலை ஆடுகளத்தில் வலையைக் கட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

“சனிக்கிழமை காலையில நாங்க கிளம்பினதும் நீ எனக்குப் போன் பண்ற. என் மேனேஜர் மாதிரி பேசற.”

“அவர் எப்படிப் பேசுவார்?”

“மூக்கால பேசுவார். ஒவ்வொரு வாக்கியமும் முடிஞ்சதும் ஒரு பெருமூச்சு விடுவார். குளியலறைக் குழாய், வாஷ்பேசின் எல்லாம் விக்கற கடை எங்களுது. கிடங்குல அவசரமா ஸ்டாக் எடுக்கணும், உடனே வான்னு சொல்லு.”

அவன் மூக்கைச் சுருக்கி, “உடனே வாங்க” என்று சொல்லிப் பெருமூச்சு விட்டான். எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

“உங்க வீட்ல கண்டுபிடிச்சிட்டா?”

“எப்படிக் கண்டுபிடிப்பா? ஸ்பீக்கர்ல வர்றதை யார் சந்தேகப்படுவாங்க?”

வீட்டுக்கு வந்ததும் போனில் அவன் பெயரை அழித்து ‘மேனேஜர்’ என்று போட்டேன். நிஜ மேனேஜர் பெயரை மாற்றி அவருக்குக் ‘குழாய்’ என்று வைத்தேன். இவ்வளவு நேர்த்தியாக நான் அலுவலகத்தில்கூட வேலை செய்ததில்லை.

வியாழக்கிழமை மாலை, சலவைக்குப் போட்ட துணியை வாங்க நாங்கள் இருவரும் காரில் போனோம். வெயில் இன்னும் தணியவில்லை. “இன்ஜினை நிறுத்தாதீங்க, ஏசி ஓடட்டும்” என்று சொல்லி அவள் உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். கடையில் எனக்கு முன்னால் சிலர் நின்றிருந்தார்கள். சும்மா நிற்கிற நேரத்தில் சனிக்கிழமைத் திட்டத்தைப் பிளாட்பாரத்திடம் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளலாம் என்று, கடை வாசல் தூண் பக்கம் ஒதுங்கிப் போன் செய்தேன்.

மணி அடிக்கிற சத்தமே இல்லை. பேச்சும் இல்லை. திரையைப் பார்த்தால் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“டேய், கேக்குதா?” என்றேன். பதில் இல்லை.

“அலோ. அலோ.” அப்போதும் இல்லை. போன் திரையின் ஓரத்தில் ஒரு குட்டிக் கார் படம் தெரிந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

காரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் என் மனைவி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பாட்டோடு சேர்ந்து பாடுகிறாள் போல. தலையைக்கூட ஆட்டினாள். நான் கையசைத்தேன். அவளும் சிரித்தபடி கையசைத்தாள். என்ன ஒரு இனிமையான பெண் என்று நினைத்தேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

சிக்னல் சரியில்லை என்று அழைப்பைத் துண்டித்து, ‘சனிக்கிழமை ஓகேதானே?’ என்று செய்தி அனுப்பினேன்.

கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. ‘ஓகே. எல்லாம் தெளிவா புரிஞ்சுது.’

துணிகளை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். “யாருக்குப் போன் பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“பண்ணினேன், கிடைக்கல.”

“அப்படியா. பாவம்” என்றாள்.

சனிக்கிழமை வந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன்னால் பழகிவிட்டுத்தான் கிளம்பினேன். காரின் பின்பகுதியில், துணி மூட்டைக்கு அடியில், பந்து மட்டையையும் ஒளித்து வைத்திருந்தேன். குடியிருப்பின் வாசலைத் தாண்டி முதல் சிக்னலில் நின்றபோது ஸ்பீக்கரில் மணி அடித்தது. திரையில் பெரிய எழுத்தில் ‘மேனேஜர்’ என்று வந்தது.

“அடடா, மேனேஜர்” என்றேன். “இந்த நேரத்துல எதுக்குக் கூப்பிடறார்னு தெரியலையே.”

“எடுங்க” என்றாள் மனைவி. “கையால தொடாம.”

ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தினேன். கார் முழுக்க மூக்குக் குரல் நிறைந்தது.

“வணக்கம். மேனேஜர் பேசறேன்.” பெருமூச்சு. அற்புதமாகச் செய்தான் பாவி.

“சொல்லுங்க சார். ஏதாவது அவசரமா சார்?”

“அவசரம் ஒண்ணும் இல்ல.”

சிக்னலில் பச்சை விழுந்தது. எனக்குக் கால் வரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“இல்லையா சார்? நல்லா யோசிச்சுப் பாருங்க சார். கிடங்குல ஸ்டாக் ஏதாவது எடுக்கணுமா சார்?”

“யோசிச்சுட்டுத்தான் பேசறேன். நீங்க ரொம்ப உழைச்சிட்டீங்க. உங்களைப் பாத்தாலே எனக்குப் பாவமா இருக்கு.” பெருமூச்சு. “மாமனாருக்குக் கண் ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் முழுக்க லீவு எடுத்துக்கோங்க. கூடவே இருந்து அவரைப் பாத்துக்கோங்க.”

“சார், குழாயெல்லாம் அப்படி அப்படியே கிடக்கு சார்.”

“குழாய் எங்கயும் ஓடாது. தண்ணிதான் ஓடும்.”

“சார், நீங்க வேற யார்கிட்டயோ பேச வேண்டியதை என்கிட்ட…”

மனைவி கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். குறை கேட்கும் பிரிவின் குரல். தேன் ஒழுகியது.

“வணக்கம் சார். ரொம்பப் பெரிய உதவி பண்ணியிருக்கீங்க. மாமனார் மேல இவருக்கு உயிர். லீவு கிடைக்காதோன்னு ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே இருந்தார்.”

“பரவாயில்லைங்க மேடம். மீண்டும் ஒரு முறை அறிவிக்கிறேன். ஒரு வாரம் லீவு. நன்றி.”

பழக்க தோஷம், கடைசியில் அறிவிப்பாளன் எட்டிப் பார்த்துவிட்டான். ஆனால் எனக்குத்தான் வாயைத் திறக்க வழியில்லை. அது மேனேஜர் இல்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? இப்போதுதானே அத்தனை சார் போட்டேன்.

“எவ்வளவு நல்ல மனுஷன்” என்றாள் மனைவி. “நீங்க என்னடான்னா அவரைத் தினமும் திட்டிக்கிட்டே இருக்கீங்க.”

ஊரைத் தாண்டினோம். பிளாட்பாரத்தின் கழுத்தை எந்தக் கையால் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். நெடுஞ்சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை வந்தது. “முகம் கழுவிட்டு வர்றேன்” என்று இறங்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தாள். நான் காரின் பின்பக்கம் போய் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்குப் போன் செய்தேன்.

மறுபடியும் அதே மௌனம். மறுபடியும் அந்தக் குட்டிக் கார் படம்.

“டேய் துரோகி” என்று போனில் கத்தப் போனேன். அப்போது ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தின் குரல் காற்றில் மிதந்து வந்தது.

“அண்ணி, நீங்கதானா? அவன் பக்கத்துல இருக்கானா?”

“முகம் கழுவப் போயிருக்கார்” என்றாள் என் மனைவி. “நீங்க நல்லா பேசினீங்க. அந்த ‘மீண்டும் ஒரு முறை’ மட்டும் வேண்டாம்னு சொல்லியிருந்தேனே.”

“வாயில வந்துடுச்சு அண்ணி. அப்புறம், அவனுக்குப் பதிலா வாட்ச்மேனைச் சேத்துக்கச் சொன்னீங்கல்ல. மனுஷன் பறந்து பறந்து அடிக்கறார். முதல் செட் ஜெயிச்சாச்சு. அவன் இருந்திருந்தா இந்நேரம் தோத்து வீட்டுக்குப் போயிருப்போம்.”

போனைப் பார்த்தேன். காரைப் பார்த்தேன். குட்டிக் கார் படத்தைப் பார்த்தேன். மெல்ல மெல்ல எனக்கு விளங்கியது. நான் வெளியே நின்று பேசினாலும், இன்ஜின் ஓடுகிறவரை பேச்செல்லாம் காருக்குத்தான் போகிறது. என் காதில் விழாதது அத்தனையும் என் மனைவி காதில் விழுகிறது. நான் பேசுவது யாருக்கும் போவதில்லை. இதில் கடைசி விஷயம் எங்கள் வீட்டில் புதிதல்ல.

கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அவள் அழைப்பைத் துண்டித்தாள். நிதானமாக.

“வியாழக்கிழமையேவா?” என்றேன்.

“சலவைக் கடை வாசல்ல. திரையில மேனேஜர்னு வந்துச்சு. நான் பேசறதுக்குள்ள, ‘டேய், சனிக்கிழமை நான் எத்தனை மணிக்கு உன் மேனேஜராகணும்’னு குரல் வந்துச்சு. அப்புறம் மூக்கால பேசி ஒத்திகை வேற பாத்தார்.”

“நீ உடனே தடுத்திருக்கக் கூடாதா?”

“குறையை முழுசாக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்லணும். அதான் எங்க ஆபீஸ் முறை.”

“அவனை எப்படி மசிய வச்ச?”

“உங்க வீட்டம்மாகிட்ட சொல்லவான்னு கேட்டேன். பஸ் நிலையமே அமைதியாயிடுச்சு.”

நான் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தேன். தடவ வேறு எதுவும் இல்லை.

“ஏங்க, வரப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியா?”

“மாட்டேன். ஆனா நேரா சொன்னதா இருந்திருக்கும்.” கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு வேறு குரலில் பேசினாள். குறை கேட்கிற குரல் இல்லை. “போன மாசம் அப்பாவைப் பாக்கப் போனேனே. கதவைத் திறந்தவர் என்னைப் பாத்து, ‘யாரும்மா வேணும்’னு கேட்டார். நான் பேசின அப்புறம்தான் தெரிஞ்சுது அவருக்கு. வெயிலுக்கு எதிர்ல நின்னேன்னு சொல்லிச் சமாளிச்சார். அன்னிக்கு நான் பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதுக்கிட்டேதான் வந்தேன்.”

இறகுப்பந்து மிகவும் லேசாகிவிட்டது.

“என்கிட்ட சொல்லவே இல்லையே” என்றேன்.

“சொல்லத்தான் நினைச்சேன். இன்னொண்ணும் சொல்லணும். அப்பா…”

“வேண்டாம். இன்னிக்கு இதுவே போதும். இன்னொண்ணையும் தாங்க எனக்குத் தெம்பில்ல.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“சரி, உங்க இஷ்டம்” என்றாள். “லீவு மட்டும் கேட்டுடுங்க. உங்க பிளாட்பாரம் கொடுத்த லீவு செல்லாதே.”

இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? பொத்தானை அழுத்தி, “குழாயை அழை” என்றேன். மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“எதுக்கு லீவு?” என்றார் நிஜ மேனேஜர், நிஜமான பெருமூச்சோடு.

“மாமனார் வீட்டுக்கு வர்றார் சார்.”

“மாமனார் வந்தா எல்லாரும் வீட்டுல இருக்க முடியாம ஆபீசுக்கு ஓடி வருவாங்க. நீங்க ஆபீசை விட்டுட்டு வீட்டுல இருக்கேங்கறீங்க.”

“கண் ஆபரேஷன் சார். கூட இருக்கணும்.”

இன்னொரு பெருமூச்சு வந்தது. “தங்கமான மாப்பிள்ளைங்க நீங்க. ஒரு வாரம் எடுத்துக்கோங்க.”

போலி மேனேஜரும் ஒரு வாரம் என்றார், நிஜ மேனேஜரும் ஒரு வாரம் என்றார். நடுவில் நான் மட்டும்தான் வீணாக உழைத்திருக்கிறேன்.

மாமனார் வாசலில் தயாராக நின்றார். அவருக்குப் பக்கத்தில் மூன்று பெட்டிகள், ஒரு சாய்வு நாற்காலி, இரண்டு பூந்தொட்டி, சுவர்க் கடிகாரம் ஒன்று. ஒரு வாரத்துக்குச் சுவர்க் கடிகாரம் எதற்கு என்று தோன்றியது. நேரம் தவறாத மனிதர், பழகிய கடிகாரத்தில்தான் மணி பார்ப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாற்காலியைக் கூரையில் கட்டினோம். பூந்தொட்டிகளுக்கு இடம் செய்யப் பின்பகுதியைத் திறந்தபோது, துணி மூட்டைக்கு அடியிலிருந்து பந்து மட்டை நழுவி அவர் காலடியில் விழுந்தது.

அவர் அதை எடுத்துத் தடவிப் பார்த்தார். “ஆபரேஷனுக்கு இதுவும் தேவையா மாப்பிள்ளை?”

“ஈ அடிக்கறதுக்குப்பா” என்றாள் என் மனைவி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுவே பெரிய பாக்கியம்.

கிளம்புவதற்கு முன் அவள் அவருடைய போனையும் காரோடு இணைத்துவிட்டாள்.

“இது எதுக்கும்மா?”

“நீங்க போனைக் கண்ணுகிட்ட வச்சுத் தேட வேண்டாம்பா. கூப்பிட்டவங்க குரல் ஸ்பீக்கர்ல வரும். நீங்க சும்மா பேசினா போதும்.”

“அப்ப மாப்பிள்ளைக்கும் சாலையைப் பாக்கறதைத் தவிர வேற வேலை இல்ல” என்று சொல்லிவிட்டு அவர் முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். பல வருஷத்துக்கு முன்னால் என் பக்கத்தில் எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே. மனைவி பின்னால், மடியில் சுவர்க் கடிகாரத்தோடு.

முதல் திருப்பத்திலேயே ஆரம்பித்தார்.

“இண்டிகேட்டர்.”

“போட்டுட்டேன் மாமா.”

“போடல. கண்ணுதான் மங்கியிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு. டிக் டிக் சத்தம் வரல.”

“அது கடிகாரச் சத்தத்துல உங்களுக்கு…”

“கடிகாரம் ஓடல, பேட்டரியைக் கழட்டிட்டேன். போடுங்க.”

போட்டேன். பிறகு கியரின் முனகலை வைத்து நான் அவசரப்படுகிறேன் என்றார். பிரேக்கில் உடம்பு முன்னால் சாய்வதை வைத்து முன்னால் போகிற வண்டியை நெருங்கி ஓட்டுகிறேன் என்றார். கண்ணை மூடிக்கொண்டே என்னை ஃபெயிலாக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

வெயில் சாய ஆரம்பித்தது. சாலை நேராக ஓடியது. கொஞ்ச நேரமாக அவரிடமிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை. பார்த்தால் முகத்தை முன்னால் நீட்டி, கண்ணைச் சுருக்கி, எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதிர்ல வர்றது லாரியா மாப்பிள்ளை?” குரல் தணிந்திருந்தது.

“பஸ் மாமா.”

“ம். லாரின்னு நினைச்சேன்.” கொஞ்சம் பொறுத்து, “ஒரு காலத்துல ஒரு மைல் தூரத்துல வர்ற வண்டியோட நம்பர் பலகையைப் படிச்சுடுவேன்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் இண்டிகேட்டரைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அவர் அதட்டிக்கொண்டே வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த மௌனம்தான் என்னவோ செய்தது. ஒரு பெரிய மனிதர், வாசலில் நிற்கிற சொந்தப் பெண்ணைத் தெரியாமல் ‘யாரும்மா வேணும்’ என்று கேட்டிருக்கிறார். நான் அவரோடு காரில் வராமல் தப்பிக்க ஒரு நாடகமே போட்டிருக்கிறேன்.

“மாமா, ஆபரேஷன் முடிஞ்சதும் ஊருக்குப் போகணும்னு அவசரப்படாதீங்க. நம்ம வீடுதான். எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க.”

“மனசாரச் சொல்றீங்களா?”

“மனசாரத்தான் மாமா.”

அவர் என் தோளில் கை வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். என் மனைவி கடிகாரத்தை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்லவனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியப்பட்டேன். ஒரு வாரம்தானே, மிஞ்சிப்போனால் பத்து நாள்.

அப்போது ஸ்பீக்கரில் மணி அடித்தது. மாமனாரின் போன். திரையில் ‘புதுக் குடித்தனம்’ என்று வந்தது. அவருக்காக நானே பொத்தானை அழுத்தினேன்.

“ஐயா வணக்கம்” என்றது ஒரு ஆண் குரல். “பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுப் போன சாவி கிடைச்சுது. சாமானெல்லாம் இறக்கிட்டோம். வீடு ரொம்பப் பிடிச்சிருக்குங்க.”

“சந்தோஷம்” என்றார் மாமனார், கூரையைப் பார்த்து. ஸ்பீக்கரில் பேசுவது அவருக்கு உடனே கைவந்துவிட்டது.

“ஒண்ணு மட்டும் கேக்கணும்ங்க. ஒரு வருஷத்துக்குன்னுதான் பேசினோம். பெரியவனை இங்க ஒண்ணாம் வகுப்புல சேக்கணும். நடுவுல வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா கஷ்டமாயிடும். அதுக்கு மேலயும் இருக்கலாங்களா?”

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். என் மனைவி ஜன்னலுக்கு வெளியே மரங்களை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாராளமா சேருங்க” என்றார் மாமனார். “அவன் காலேஜ் படிச்சு முடிக்கற வரைக்கும் இருங்க. மாப்பிள்ளை இப்பதான் எனக்கு வாக்குக் கொடுத்தார்.”